கணக்குப்பதிவியல் தலைகீழாகத் தெரியும் முதல் மாதம்

பத்தாம் வகுப்பில் கணிதத்தில் நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு மாணவி, தாமே விரும்பி வணிகவியல் பிரிவில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், குரூப் மாற்றித் தரும்படி எழுதிய கடிதத்துடன் தந்தையை அழைத்துக்கொண்டு சென்ற வாரம் வந்து நின்றார். காரணம் கேட்டபோது, "கணக்குப்பதிவியல் புரியவில்லை, எல்லாம் தலைகீழாக இருக்கிறது" என்றார். மேல்நிலைப் பள்ளிகளில் வணிகவியல் கற்பிக்கும் எங்களுக்கு இந்தச் சொற்கள் புதியவை அல்ல; ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தில் கேட்கிறோம். ஆனால் நன்றாகப் படிக்கக்கூடிய ஒரு பிள்ளை, வகுப்பறைக்கு வெளியே கற்றுக்கொண்டு வந்த ஒரே ஒரு தவறான எண்ணத்தால் பாடத்தையே விட்டுப் போக முடிவெடுப்பதை இன்னொரு முறை பார்த்த பிறகு, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்றைப் பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்ப் பாடமும் கணிதமும் அறிவியலும் பிள்ளைக்குப் பத்து ஆண்டுகளாகப் பழகியவை. பதினோராம் வகுப்பில் இயற்பியல் கடினமாகத் தோன்றினாலும், அதன் வேர் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. கணக்குப்பதிவியலுக்கு நம் பள்ளிப் பாடத்திட்டத்தில் அப்படி ஒரு முன்கதை இல்லை. பதினைந்து, பதினாறு வயதில் ஒரு பாடத்தை முதல் எழுத்திலிருந்து தொடங்குகிறார்கள். அதுவும் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, கடனீந்தோர், எடுப்புகள் என்று அதுவரை காதில் விழாத சொற்களோடு தொடங்குகிறார்கள். முதல் மாதம் தடுமாறுவது இயல்பு. அந்தத் தடுமாற்றத்தைத் திறமைக் குறைவு என்று வீட்டில் ஒருவர் சொல்லிவிட்டால், அதன்பின் ஆசிரியர் என்ன சொன்னாலும் பிள்ளையின் காதில் ஏறுவதில்லை.

இனி, அந்தத் தவறான எண்ணத்துக்கு வருகிறேன். வகுப்பில் முதல் நாள் பற்று, வரவு என்ற சொற்களை எழுதும்போதே பாதிப் பேர் அவற்றுக்கு ஒரு பொருளை முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியில் டெபிட் என்றால் பணம் போய்விட்டது, கிரெடிட் என்றால் பணம் வந்துவிட்டது. ஆகவே பற்று என்றால் கழித்தல், வரவு என்றால் கூட்டல்; பற்று கெட்டது, வரவு நல்லது. வீட்டில் வரவு செலவு என்று பேசிப் பழகிய காதும் இதையே உறுதிப்படுத்துகிறது. இந்த மனநிலையில் உட்கார்ந்திருக்கும் மாணவரிடம், ரொக்கத்துக்குச் சரக்கு விற்றால் ரொக்கக் கணக்கைப் பற்று செய்ய வேண்டும் என்று ஆசிரியர் சொல்கிறார். பணம் வந்திருக்கிறது, ஆனால் பற்று என்கிறார்கள். தலைகீழாக இருக்கிறது என்று அந்த மாணவி சொன்னது இதைத்தான்.

பாடம் தலைகீழாக இல்லை. அந்தக் குறுஞ்செய்தி யாருடைய ஏட்டிலிருந்து வருகிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்பதே குறை. ஒரு மளிகைக் கடைக்காரர் கடைப் பணத்திலிருந்து ரூ. 10,000 எடுத்து வங்கியில் செலுத்துகிறார் என்று கொள்வோம். கடையின் ஏட்டைப் பொறுத்தவரை, பணத்தைப் பெற்றுக்கொண்டது வங்கி. ஆகவே வங்கிக் கணக்கு பற்று, ரொக்கக் கணக்கு வரவு. இப்போது எழுந்து மேசையின் மறுபக்கம் சென்று வங்கியின் ஏட்டைப் பாருங்கள். வங்கிக்கு ரூ. 10,000 கிடைத்திருக்கிறது; ஆனால் அது வங்கியின் பணமன்று, கேட்கும்போது கடைக்காரருக்குத் திருப்பித் தரவேண்டிய பணம். வங்கியைப் பொறுத்தவரை கடைக்காரர் ஒரு கடனீந்தோர், அதாவது கடன் கொடுத்தவர். எனவே வங்கி தன் ஏட்டில் அவருடைய கணக்கை வரவு செய்கிறது, அந்தப் பதிவையே அவருக்குக் குறுஞ்செய்தியாகவும் அனுப்புகிறது. அவர் பின்னர் ரூ. 2,000 எடுத்தால், வங்கி அவருக்குத் தரவேண்டிய கடன் அந்த அளவுக்குக் குறைகிறது. வங்கி அவர் கணக்கைப் பற்று செய்கிறது. நடவடிக்கை ஒன்று, ஏடுகள் இரண்டு. அலைபேசியில் நாம் படிப்பது வங்கியின் ஏடு; வகுப்பில் எழுதுவது கடையின் ஏடு. இரண்டையும் ஒன்றென எண்ணினால் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும்.

பற்று என்பது கணக்கின் இடப்பக்கம், வரவு என்பது வலப்பக்கம். தொடக்கத்தில் இதற்குமேல் எந்தப் பொருளையும் அவற்றின்மீது ஏற்றாதீர்கள். சொத்து கூடினால் இடப்பக்கம், பொறுப்பு, அதாவது பிறருக்குத் தரவேண்டியது, கூடினால் வலப்பக்கம். கூட்டலா கழித்தலா என்பது எந்த வகைக் கணக்கில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்ததே தவிர, பற்று, வரவு என்ற சொற்களில் ஒளிந்திருப்பதன்று. "டெபிட் என்றால் மைனஸ்" என்று அரை நிமிடக் காணொளிகளில் சொல்லிக்கொடுப்பவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து நிறுத்துங்கள். ஜூனில் புகுந்த இந்தப் பிழை, ரொக்க ஏட்டின் வங்கி இருப்பையும் வங்கி அறிக்கையின் இருப்பையும் ஒப்பிட்டு வேறுபாட்டை விளக்கும் வங்கிச் சரிகட்டும் பட்டியலுக்கு வரும்போது பிள்ளையை முழுதாகச் சாய்த்துவிடுகிறது. அங்கே ரொக்க ஏட்டின்படி பற்றிருப்பாக இருப்பது வங்கி அறிக்கையின்படி வரவிருப்பாக இருக்கும். மேல்வரைப்பற்று, அதாவது கணக்கில் உள்ளதைவிட அதிகமாக எடுத்த நிலை, என்றால் இரண்டும் இடம் மாறும். முதல் மாதத்தில் இது விளங்கியவருக்கு அந்தப் பாடம் எளிது. விளங்காதவர், எதைக் கூட்ட வேண்டும், எதைக் கழிக்க வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு தேர்வறைக்குப் போகிறார்.

இதற்கு அடுத்த தடை, உரிமையாளர் கொண்டுவந்த முதல் (மூலதனம்) ஏன் பொறுப்புகள் பக்கத்தில் வருகிறது என்பது. சொந்தப் பணம் எப்படிக் கடனாகும் என்று கேட்கும் மாணவரை நான் எப்போதும் பாராட்டுவேன், ஏனெனில் கேட்க வேண்டிய கேள்வி அது. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் வணிகத்தை எண்ணிப் பாருங்கள். பணம் போட்ட முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். இரங்கூன் கடையை நடத்துபவர் அவர் அனுப்பிய ஏஜென்ட். அந்தக் கடையின் பேரேட்டில், அதாவது ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியே எழுதும் ஏட்டில், முதலாளியின் பணம் என்பது கடை அவருக்குக் கணக்குக் காட்டித் திருப்பித் தரவேண்டிய தொகை. சொத்துகளையும் பொறுப்புகளையும் காட்டி ஊருக்குப் போகும் ஐந்தொகையும் அப்படித்தான் எழுதப்படும். இன்று பாடநூல் அந்த ஐந்தொகையை இருப்புநிலைக் குறிப்பு என்கிறது. கடையும் முதலாளியும் ஒரே தெருவில், ஏன், ஒரே ஆளாகவே இருந்தாலும், ஏட்டில் கடை வேறு, ஆள் வேறு. வணிகத் தனித்தன்மைக் கருத்து என்று பாடநூல் சொல்வது இதையே. தையல் கடை நடத்தும் தாய் கல்லாவிலிருந்து ரூ. 500 எடுத்து வீட்டுக்குக் காய்கறி வாங்கினால், அது கடையின் செலவாகாமல் எடுப்புகள் ஆவதும் இதனால்தான்.

ஒவ்வொரு நடவடிக்கையையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொன்றில் வரவாகவும் எழுதும் இந்த இரட்டைப்பதிவு முறையை 1494-இல் வெனிஸ் நகரில் அச்சான தம் கணித நூலில் லூக்கா பச்சோலி விளக்கி எழுதினார். அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே கையாண்டுவந்ததைத் தொகுத்தார். நூலாசிரியர்களுக்கு முன்பே வணிகர்களின் கையில் உருவான முறை இது என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். அன்றாட வேலைக்காக எழுந்த ஒரு முறை பதினோராம் வகுப்பு மாணவரின் அறிவுக்கு எட்டாததாக இருக்க முடியாது.

மனப்பாடம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெறுபவரைப் பற்று செய்க, தருபவரை வரவு செய்க என்று தொடங்கும் விதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும் மாணவர்கள், வாடகை செலுத்தியதை, நடவடிக்கைகளை முதலில் பதியும் குறிப்பேட்டில் எழுதச் சொன்னால் வீட்டு உரிமையாளரின் கணக்கைப் பற்று செய்கிறார்கள். விதி தெரிந்திருக்கிறது, எந்தக் கணக்கு என்பது தெரியவில்லை. வாடகை ஒரு செலவு, ஆகவே செலவு, வருமானங்களுக்கான பெயரளவுக் கணக்கு என்று அடையாளம் காண்பதே வேலையின் பெரும்பகுதி. விதியைப் பொருத்துவது அதன்பின் ஒரு நொடி.

எல்லாக் கணக்குகளின் பற்றிருப்புகளையும் வரவிருப்புகளையும் பட்டியலிடும் இருப்பாய்வின் இரு பக்கமும் சமமாக வந்துவிட்டால் கணக்கு சரி என்று நம்புவதும் இதே வகைப் பிழை. ஒரு நடவடிக்கையை அடியோடு எழுத மறந்திருந்தாலும் இருப்பாய்வு சமமாகும். கடைக்கு அறைகலன் வாங்கியதை, விற்பனைச் சரக்குக்கான கொள்முதல் கணக்கில் எழுதியிருந்தாலும் சமமாகும். இதைவிட வருத்தம் தருவது, சமமாகவில்லை என்றவுடன் ஏதோ ஓர் எண்ணை மாற்றி எழுதிச் சமமாக்கிவிடும் பழக்கம். அதைச் செய்யாதீர்கள். வேறுபாட்டை அப்படியே விட்டுவிட்டு நோட்டைக் கொண்டுவாருங்கள். எங்கே தவறியது என்று உங்களோடு சேர்ந்து தேடுவதற்காகத்தான் நாங்கள் இருக்கிறோம். அலுவலக வேலையில் இப்படி ஓர் எண்ணை மாற்றுவதற்குப் பெயர் மோசடி.

"மதிப்பெண் குறைந்தவர்கள் எடுக்கும் குரூப்" என்று உறவினர் முன்னிலையில் பிள்ளையைப் பற்றிப் பேசும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்தப் பாடத்தில் வரும் கணக்கு கூட்டல், கழித்தல், விழுக்காடு அளவில்தான் இருக்கிறது. ஆகவே கணிதத்துக்குப் பயப்படும் பிள்ளையும் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் நடந்ததை நிதானமாக வாசித்து, யார் பெற்றார், யார் தந்தார், எது வந்தது என்று பிரித்தறியும் ஒழுங்கு இதற்கு வேண்டும். அது குறைந்த மதிப்பெண்ணுக்கான ஆறுதல் பரிசு அன்று.

முதல் மாதத்தில் இருக்கும் மாணவர்கள் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஒவ்வொரு நடவடிக்கைக்கும் முன் இது யாருடைய ஏடு, எந்த இரண்டு கணக்குகள், அவை ஒவ்வொன்றும் எந்த வகை என்ற மூன்றையும் வாய்விட்டுக் கேளுங்கள். அதற்குப் பிறகே எழுதுங்கள். பெற்றோரின் அனுமதியோடு வீட்டு வங்கிப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை எடுத்து, அதே பதிவுகளை உங்கள் ஏட்டில் எப்படி எழுதுவீர்கள் என்று எழுதிப் பாருங்கள். இருப்பாய்வு முடியும் வரை கைடு வாங்காதீர்கள். பதிவின் கீழே எழுதும் விளக்கக் குறிப்பையும் பேரேட்டுப் பக்க எண்ணையும் நேரம் போதவில்லை என்று விட்டுவிடாதீர்கள். பிழை தேடும்போது அவையே வழிகாட்டும். நோட்டில் கோடு போட அடிக்கோலை எடுப்பதற்கு வெட்கப்படவும் வேண்டாம்.

வேறு பிரிவிலிருந்து ஆகஸ்டில் இங்கே மாறி வருபவர்கள், வகுப்பு அப்போது நடத்தும் பாடத்திலிருந்து தொடங்காமல், விடுபட்ட முதல் மூன்று பாடங்களை ஆசிரியரிடம் தனியாகக் கேட்டு முடியுங்கள். மதிய இடைவேளையில் கேட்டாலும் எங்களில் பெரும்பாலோர் சொல்லித் தருவோம். இங்கிருந்து மாறிப் போக எண்ணுபவர்கள், விருப்பம் வேறு பாடத்தில் இருந்தால் தயங்காமல் போங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. புரியவில்லை என்பது மட்டுமே காரணமானால், கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுப்பதற்கு முன் குறிப்பேடு எழுதிய நோட்டோடு உங்கள் ஆசிரியரை ஒருமுறை பாருங்கள். எந்தப் பதிவில் முதன்முதலாகத் தடுமாறினீர்களோ, அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.