ஊடுகதிர்: எதன் ஊடே?

மருத்துவமனையில் தரும் பெரிய உறையிலிருந்து படத்தை உருவி, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறோமே, அதை யாரும் ஊடுகதிர்ப் படம் என்று சொல்வதில்லை. எக்ஸ்ரேதான். அது வாயில் பழகிய சொல், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் வானியலைப் பற்றித் தமிழில் எழுத உட்காரும்போது ‘ஊடுகதிர்’ இல்லாமல் எனக்கு முடிவதில்லை.

1895 நவம்பர் 8. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரோண்ட்கன், கறுப்பு அட்டையால் மூடிய மின்னிறக்கக் குழாயை இயக்கினார். சற்றுத் தள்ளியிருந்த, வேதிப்பொருள் பூசிய திரை ஒளிர்ந்தது. என்ன கதிரென்று தெரியவில்லை. கணக்கில் தெரியாத ஒன்றுக்கு எக்ஸ் என்று போடுவோமே, அப்படியே பெயர் வைத்தார். ஜெர்மானியர்கள் பின்னால் அதை ரோண்ட்கன் கதிர் ஆக்கிக்கொண்டார்கள். தமிழில் எக்ஸின் பொருளைப் பிடித்துக்கொண்டு ‘புதிர்க்கதிர்’ என்று எழுதியவர்களும் உண்டு. அழகான சொல். ஆனால் புதிர் அவிழ்ந்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது. மிகக் குறைந்த அலைநீளமும் மிகுந்த ஆற்றலும் கொண்ட ஒளிதான் அது.

‘ஊடுகதிர்’ அந்தக் கதிரின் வேலையைச் சொல்கிறது. ஊடு என்றால் இடை, நடு. தென்னை வரிசைகளுக்கு நடுவே போடுவது ஊடுபயிர். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு. நாடா அதன் நடுவே குறுக்காக ஓடி விட்டுச் செல்லும் நூல் ஊடு. தசையின் ஊடே போய் எலும்பைக் காட்டும் கதிருக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன பெயர் வைப்பது? (காதலர் ஊடுவது வேறு பொருள், அதை இங்கே கலக்க வேண்டாம்.)

சரி, வானத்துக்கு வருவோம். அங்கே இந்தப் பெயர் முதலில் பொய்த்துப்போவதுபோலத் தெரியும். நம் தலைக்கு மேலுள்ள காற்று மொத்தமும் சுமார் 10 மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமமான எடை கொண்டது. விண்ணிலிருந்து வரும் ஊடுகதிரால் அதன் ஊடே தரைக்கு வர முடியாது. அதனால்தான் விண்வெளித் தொலைநோக்கிகள். 1978-இல் ஏவிய ஐன்ஸ்டைன் தொலைநோக்கியைச் சிக்னஸ் எக்ஸ்-3 என்ற ஊடுகதிர் மூலத்தின் பக்கம் திருப்பியபோது, வானில் அதன் அருகே தெரிந்த பெருநிறை விண்மீன்களும் (சூரியனைவிடப் பல மடங்கு நிறை கொண்டவை) ஊடுகதிரில் ஒளிர்வது எதிர்பாராமல் தெரியவந்தது. 1999-இல் சந்திரா என்ற ஊடுகதிர்த் தொலைநோக்கி போனது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்தான் அதற்கு.

அந்தக் கதிர் எங்கிருந்து கிளம்புகிறது? பெருநிறை விண்மீனின் ஒளி அவ்வளவு கடுமையானது. தன் மேற்பரப்பு வாயுவையே வெளியே தள்ளிவிடுகிறது. இதற்கு விண்மீன் காற்று என்று பெயர். சீட்டா பப்பிஸ் என்ற விண்மீனை நம் ஊரிலிருந்து வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். அதன் காற்று நொடிக்கு 2,000 கிலோமீட்டருக்கும் மேல் வேகம் எடுக்கிறது. அது சீராகவும் வீசுவதில்லை. வேகமான வாயு மெதுவான வாயுவின் முதுகில் மோத, மோதிய இடம் சில பத்து லட்சம் டிகிரிக்குச் சூடேறி ஊடுகதிரை உமிழ்கிறது.

இந்த இடத்தில்தான் ‘ஊடு’ எனக்கு இன்னும் பிடித்துப்போகிறது. கதிரை அலைநீள வாரியாகப் பிரித்துப் பார்த்தால், குறிப்பிட்ட அலைநீளங்களில் தெரிபவை நிறமாலைக் கோடுகள். நம்மை நோக்கி வரும் வாயு உமிழும் கதிர், கோட்டின் நீலப் பக்கம், அதாவது அலைநீளம் குறைந்த பக்கம், விழும். விண்மீனுக்கு அப்பாலுள்ள வாயு நம்மை விட்டு விலகிப் போகிறது. அதன் கதிர் சிவப்புப் பக்கம், அதாவது அலைநீளம் கூடிய பக்கம், விழும். ஆனால் அப்பக்கத்துக் கதிர் நம்மிடம் வர, இடையிலுள்ள காற்று முழுவதன் ஊடாகவும் வந்தாக வேண்டும். வழியிலேயே ஒரு பகுதி உறிஞ்சப்பட்டுவிடும். அதனால் சந்திரா பதிவுசெய்த கோடுகள் சமச்சீராக இல்லை. சிவப்புப் பக்கம் தேய்ந்து, உச்சி நீலப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. எவ்வளவு ஊடுருவியது, எவ்வளவு தடைபட்டது என்று அந்தச் சாய்விலிருந்து கணக்கிட்டால், காற்று எவ்வளவு அடர்த்தி, விண்மீன் ஆண்டுக்கு எவ்வளவு நிறையை இழக்கிறது என்பது கிடைத்துவிடும். சீட்டா பப்பிஸுக்கு அப்படிக் கணக்கிட்டதில், முன்பு நம்பியிருந்த அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வந்தது.

இதை எழுதும்போது ‘எக்ஸ்’ என்ற எழுத்து எனக்கு எதையும் எடுத்துக்கொடுப்பதில்லை. ஊடுகதிர், ஊடுகதிர் உமிழ்வு, ஊடுகதிர்த் தொலைநோக்கி என்று எழுதினால், அப்புறம் ‘காற்றின் ஊடே’ என்ற சொல் தானாகவே வந்து விழுகிறது.