மீனுக்குள் உருவாகும் ஹிஸ்டமின்

சூரை மீன் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெங்கும் தடிப்புகள் எழுந்தால், அது மீன் ஒவ்வாமை என்றே பலரும் முடிவுகட்டிவிடுவார்கள். அந்த முடிவு தவறாகவும் இருக்கலாம்.

உண்மையான ஒவ்வாமையில், நோயெதிர்ப்பு மண்டலம் உணவிலுள்ள ஒரு புரதத்தைப் பகையாகக் கருதி, ஐஜிஇ என்னும் எதிர்ப்புரதத்தை முன்கூட்டியே உருவாக்கி வைத்திருக்கிறது. நோயெதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த மாஸ்ட் செல்களின் மேல் அது ஒட்டிக் காத்திருக்க, அதே புரதம் மறுபடி உள்ளே வரும்போது அச்செல்கள் தமக்குள் சேர்த்துவைத்த ஹிஸ்டமினை வெளியே கொட்டுகின்றன. இரத்தக்குழாய்களை விரித்துத் தோலைச் சிவக்கச் செய்வதும் அரிப்பைத் தூண்டுவதும் இந்த ஹிஸ்டமின்தான்.

ஆனால் ஹிஸ்டமின் உணவோடு வெளியிலிருந்தும் வரலாம். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகிய மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. பிடித்த மீனை உடனே குளிரில் வைக்காவிட்டால், பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. அதன்பின் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அது அழிவதில்லை. மீனில் கெட்ட வாடை இல்லாமலும் இது நேரக்கூடும் என்பதுதான் என்னை மிகவும் கவலைகொள்ள வைக்கிறது.

இது உண்மையில் நஞ்சேற்றம் என்பதால், அளவு கூடினால் யாரையும் தாக்கும். ஒரே மீனை உண்ட பலருக்கு ஒருசேர வருவது முக்கியமான தடயம். இன்னொரு வகையினருக்கு, உணவிலுள்ள ஹிஸ்டமினைச் சிறுகுடலில் சிதைக்கும் டையமின் ஆக்சிடேஸ் என்னும் நொதியின் செயல்பாடு குறைவாக இருப்பதால், நாள்பட்ட பாலாடைக்கட்டியும் ஒயினும் கூட இதே தொல்லையைத் தரலாம் என்று கருதப்படுகிறது. இதை உறுதிசெய்யும் நம்பகமான ஒற்றைச் சோதனை எதுவும் இல்லை. பாலிலுள்ள சர்க்கரை செரிக்காத லாக்டோஸ் சகிப்பின்மையோ வயிற்றுப்பொருமலோடும் பேதியோடும் நின்றுவிடுவதால், குழப்பத்துக்கு அவ்வளவாக இடம் தருவதில்லை.

ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரை ஒவ்வாமை, நஞ்சேற்றம் இரண்டிலும் அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும் என்பதால், மாத்திரை கேட்டது என்பதை வைத்து ஒவ்வாமை என்று தீர்மானிக்க முடியாது. மூச்சுத்திணறலோ தொண்டை வீக்கமோ வந்தால், காரணத்தை ஆராயாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே முதல் சில மணி நேரத்துக்குள் எடுக்கப்படும் இரத்தத்தில், மாஸ்ட் செல்கள் வெளியிடும் டிரிப்டேஸ் என்னும் நொதி உயர்ந்திருந்தால் ஹிஸ்டமினை உடலே கொட்டியிருக்கிறது என்று கொள்ளலாம். உயராதிருந்து, பின்னர் செய்யும் தோல் சோதனையும் எதிர்மறையாக வந்தால், சந்தேகம் மீனைப் பதப்படுத்திய விதத்தின் பக்கம் திரும்பும்.