சாய்தளமா, சாய்வுப்பாதையா?

நாகர்கோவிலில் கட்டட வரைபடங்களை மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டு நோக்கில் சரிபார்த்துத் தரும் வேலையில் இருப்பதால், படிக்குப் பதிலாகச் சக்கர நாற்காலி ஏறி இறங்க அமைக்கும் ராம்ப்பைக் (ramp) குறிக்கும் ‘சாய்தளம்’ என்ற சொல் வாரம் தவறாமல் என் மேசைக்கு வருகிறது. சென்ற வாரம் மார்த்தாண்டம் பக்கத்து மண்டபம் ஒன்றின் வரைபடத்தில், வாசற்படியை ஒட்டி நான்கடி நீளத்துக்கு ஒரு கட்டம் வரைந்து, அதனுள் ‘சாய்தளம்’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

ராம்ப் என்ற ஆங்கிலச் சொல், ஏறுதல், ஊர்தல் என்று பொருள்பட்ட பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. வேரைப் பற்றி இவ்வளவு போதும்.

‘சாய்தளம்’ இயற்பியல் பாடநூலுக்குப் பொருத்தமான சொல்தான். கட்டையை வைத்து உராய்வைக் கணக்கிட அங்கே ஒரு பரப்பு இருந்தால் போதும். கட்டட வரைபடத்திலோ தளம் என்பது தரைத்தளம், முதல் தளம் என்று மாடியைக் குறித்து நிலைபெற்றுவிட்டது. போதாக்குறைக்கு இது வினைத்தொகை: நேற்றுச் சாய்ந்த, இன்று சாய்கின்ற, நாளை சாயப்போகும் தளம் என மூன்று காலமும் அதற்குள் இருக்கின்றன. பொறியாளர் கையெழுத்திடும் தாளில் இப்படியொரு சொல் இருப்பதைக் கண்டு அவரே கலங்க வேண்டாமா? சுருக்கமான சொல் என்று அதற்கு வக்காலத்து வாங்குபவர்கள், சுருக்கத்துக்காகப் பொருளை விட்டுக்கொடுக்கிறார்கள்.

அதன் பெரிய குறை, பரப்பைச் சொல்லி வழியைச் சொல்லாமல் விடுவது. பாதை என்று எழுதினால், எங்கிருந்து எங்கே, எத்தனை நீளம், எத்தனை அகலம் என்ற கேள்விகள் உடனே எழும். ஓர் அலகு உயர பன்னிரண்டு அலகு நீளம் வேண்டும் என்பது விதி. இரு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் பேஸ்மட்டத்தை, அதாவது கட்டடத்தின் தரைமட்டத்தை, உயர்த்தியே கட்டுகிறோம்; அது ஒன்றரை அடி என்றாலே பாதை 18 அடி நீள வேண்டும், மேலும் கீழும் சக்கர நாற்காலி நின்று திரும்பச் சமமான இடமும் வேண்டும். நான்கடியில் பைக்கை ஏற்றலாம், அவ்வளவுதான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்கு அனுமதியே தரக்கூடாது என்று சொல்கையில், அளவைக் கேட்கத் தூண்டாத சொல்லால் யாருக்குப் பயன்?

ஆகவே ‘சாய்வுப்பாதை’ என்பதே என் பரிந்துரை. சாய்வு நாற்காலி என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அது புதிதன்று. கொத்தனார்கள் சொல்லும் ‘சரிவு’ எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் மலையோர ஊர்களில் அதைக் கேட்டதும் மண்சரிவுதான் நினைவுக்கு வரும். ‘ஏற்றம்’ என்றால் இறங்குபவரை விட்டுவிடுகிறோம். ‘சறுக்குப்பாதை’ என்று எழுதுவோரும் உண்டு. யானைக்கே அடி சறுக்கும் என்னும்போது, ஊன்றுகோலோடு வருபவரை அதில் நடக்கச் சொல்வது எந்த நியாயம்?

மொழிபெயர்ப்பாளர்கள் கட்டுமான இடத்துக்கு ஒருமுறை போய்வந்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். அண்மையில் வந்த ஒரு குறிப்பில், இப்பாதையின் இருபுறமும் பிடித்துச் செல்ல அமைக்க வேண்டிய கைப்பிடிக் கம்பியைக் ‘கைப்பிடிச்சுவர்’ என்று பெயர்த்திருந்தார்கள். அது மொட்டைமாடி விளிம்பில் எழுப்பும் சுவர். அந்தக் குறிப்பைக் கொடுத்தால் கொத்தனார் இருபுறமும் மூன்றடிச் சுவரை எழுப்பிப் பூசிவிட்டுப் போவார்.