பருவும் சட்டைப் பையில் இருந்த டியூபும்

போன வாரம் சேரன்மகாதேவியில் இருந்து ஒரு அம்மா, பிளஸ் ஒன் படிக்கும் மகனோடு பாளையங்கோட்டையில் என் கிளினிக்குக்கு வந்தார். பையன் உட்காருவதற்குள் குற்றப்பத்திரிகை தயார். “அல்வாவும் மிக்சருமாத் திங்கான் டாக்டரம்மா. ஆத்துல முங்கிக் குளிலன்னா கேக்க மாட்டக்கான். உடம்பு பூரா சூடு.” அவன் தலையைத் தூக்கவே இல்லை.

சூடு என்ற ஒரு சொல்லை வைத்து நம் ஊரில் எந்த நோயையும் விளக்கிவிடுவார்கள். பருவின் கதை வேறு. பருவ வயதில் ஆண்ட்ரஜன் ஹார்மோன் கூடுகிறது, பெண்பிள்ளைகளுக்கும்தான். அது தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளைப் பெரிதாக்குகிறது. முடி முளைக்கும் துவாரத்தில் இறந்த செல்களும் எண்ணெயும் சேர்ந்து அடைத்துக்கொள்ள, எப்போதும் தோலில் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா உள்ளே பெருகி, வீங்கிச் சிவக்கிறது. கரும்புள்ளியும் அழுக்கு இல்லை. அடைப்பில் உள்ள நிறமி காற்றுப் பட்டுக் கறுத்தது அது. ஆகவே எட்டுத் தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தால் முகம் எரிவதுதான் மிச்சம். இரண்டு தடவை கழுவினால் போதும்.

அல்வா விஷயத்தில் அம்மா சொன்னது முழுக்கத் தப்பில்லை. ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் தின்பண்டம் சிலருக்குப் பருவைக் கூட்டும். ஆனால் நெற்றியில், முடியை ஒட்டிப் பொடிப்பொடியாக இருந்தது தேங்காய் எண்ணெயின் வேலை. வழிய வழிய எண்ணெய் வைத்து வாரிவிட்டது யார் என்று கேட்டதும் அம்மா சிரித்துவிட்டார்.

கன்னம்தான் என்னை யோசிக்க வைத்தது. ஒரே அளவில், ஒன்றாக முளைத்தது போன்ற பருக்கள். சுற்றிலும் மெலிந்த தோலில் ரத்தக் குழாய்கள் நூல் நூலாகத் தெரிந்தன.

“என்ன தம்பி போடுற?”

அம்மாவை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் சட்டைப் பையில் இருந்து ஒரு டியூபை எடுத்தான். அடியில் இருந்து சுருட்டிச் சுருட்டி, பேஸ்ட் டியூப் மாதிரி கடைசிச் சொட்டு வரை பிதுக்கியிருந்தான். தேய்ந்த எழுத்தில் ‘குளோபீட்டசால்’ என்று படிக்க முடிந்தது. மூன்று மாதமாகப் போடுகிறானாம்.

அது வீரியமான ஸ்டீராய்டு. போட்ட சில நாளில் வீக்கம் அமுங்கும், முகமும் வெளுத்த மாதிரி தெரியும். நம்பாமல் என்ன செய்வான்? தொடர்ந்து போட்டால் அதுவே பருவைக் கொண்டுவரும். நிறுத்தினால் எரிச்சலோடு கிளம்பும், பயந்துபோய் மறுபடி போடுவார்கள். இந்தக் களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே ஆணை வந்துவிட்டது. கடையில் பேரைச் சொன்னால் இன்னும் கிடைக்கத்தான் செய்கிறது.

டியூபை நிறுத்தச் சொன்னேன். முதல் சில வாரம் முகம் இன்னும் மோசமாகலாம், கிள்ளிவிடாதே, பருவுக்கான சரியான மருந்து பலன் தெரியவே எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்றும் சொன்னேன்.

எழுந்து வாசல் வரை போன அம்மா திரும்பி வந்தார். “இதே டியூப்பத்தான் நானும் மங்குக்குப் போடுதேன் டாக்டரம்மா.”

மறுபடி உட்காரச் சொன்னேன்.