எதிர்க்கட்சி இயந்திரத்திலும் அதே திருகு

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, சிகாகோ புறநகரில் ஒரு வீட்டின் பேஸ்மெண்ட். வாங்கி ஏழு வாரமே ஆன பின்பால் இயந்திரம். சரிவான பலகையில் உருண்டு வரும் எஃகுப் பந்தை, ஃப்ளிப்பர் என்ற கைகளால் அடித்து மேலே அனுப்பும் ஆட்டம். இடது ஃப்ளிப்பர் ஒரு நேரம் நன்றாக அடிக்கிறது, ஒரு நேரம் தொய்ந்துபோகிறது. “இந்தக் கம்பெனியின் பவர் சப்ளையே இப்படித்தானாமே, சூடானால் படுத்துவிடுமாமே?” என்றார் வீட்டுக்காரர். விற்பதற்கு விளம்பரம்கூட எழுதி வைத்திருந்தார்.

முன்பட்டையைக் கழற்றி, கண்ணாடியை உருவி, பந்துகளை எடுத்து வைத்துவிட்டு, பந்து உருளும் பலகையான பிளேஃபீல்டைத் தூக்கி நிறுத்தினேன். ஃப்ளிப்பரை இயக்கும் காயிலுக்குள் (மின்கம்பிச் சுருள்) ஓடுகிற பிளஞ்சர் என்ற தண்டு ஒவ்வொரு அடிக்கும் ஓர் இரும்புத் துண்டில் மோதி நிற்கும். காயில் ஸ்டாப் என்போம். அதைப் பிடித்திருந்த இரண்டு திருகும் விரலால் சுற்றும் அளவுக்கு லூஸாக இருந்தன. கழற்றி, நீலத் திருகுப்பசை ஒரு சொட்டு வைத்து இறுக்கினேன். பவர் சப்ளையைத் தொடவே இல்லை. அவர் விளம்பரத்தை அழித்துவிட்டு காபி போட்டுக் கொடுத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எதிர்க்கட்சி இயந்திரம், அதாவது போட்டிக் கம்பெனியுடையது ஒன்று. அதே திருகு, அதே கோளாறு. அந்த வீட்டுக்காரர் சொன்னார்: “லாரியில் வரும்போது ஆடியிருக்கும். இவர்கள் சரக்கு தங்கமாயிற்றே!”

பதினோரு வருடமாகப் பின்பால் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். வீட்டில் ஒரு பின்பால் வாங்கி வைக்கலாமா என்று கேட்கும் தமிழர்கள் இரண்டு மூன்று வருடமாகக் கூடியிருக்கிறார்கள். கேட்கும்போதே “ஆனால் அந்தக் கம்பெனி வேண்டாமாம்” என்று முடிக்கிறார்கள். யார் சொன்னது என்றால் பதில் இருக்காது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கட்சிச் சண்டையின் வேடிக்கை, கட்சிகளே கலந்து கிடப்பதுதான். பழைய ஆட்களிடம் பாலியா, வில்லியம்ஸா, எந்தக் கம்பெனி உசத்தி என்று கேட்டுவிட்டால் ஒரு மணி நேரம் போய்விடும். 1988இல் பாலியின் பின்பால் தொழிலை வில்லியம்ஸ் வாங்கிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே செய்த சரக்கு, பெயர்ப்பலகைதான் வேறு. 1992இல் வந்த ஆடம்ஸ் ஃபேமிலி என்ற இயந்திரம் இருபதாயிரத்துக்கு மேல் விற்றது. அதில் பாலி என்று போட்டிருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் போர்டும் காயிலும் வில்லியம்ஸ் இயந்திரத்தில் இருப்பவையே. “பாலிக்காரன் ஃப்ளிப்பர் மாதிரி வருமா?” என்று 90களின் இயந்திரத்தைக் காட்டி ஒருவர் சொல்லும்போது நான் ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்துகொள்வேன்.

இன்றைக்கும் அதே கதைதான். வில்லியம்ஸ் 1999இல் பின்பால் பிரிவை மூடியது. அதே வருடம் சேகாவின் பின்பால் தொழிலைக் கேரி ஸ்டெர்ன் வாங்கினார், அதுதான் இன்றைய ஸ்டெர்ன் கம்பெனி. சேகா கைக்கு வருமுன் அந்தத் தொழிலின் பெயர் டேட்டா ஈஸ்ட். 2011இல் ஜாக் குவார்னியேரி தொடங்கிய ஜெர்சி ஜாக் கம்பெனி, பெயருக்கேற்ப நியூ ஜெர்சியில் ஆரம்பித்துக் கடைசியில் சிகாகோ பக்கமே வந்து சேர்ந்தது. ஆடம்ஸ் ஃபேமிலியை வடிவமைத்த பேட் லாலர் ஜெர்சி ஜாக்கில் வேலை பார்த்தார். ஸ்டெர்னின் தூண் என்று பேசப்பட்ட வடிவமைப்பாளர் ஸ்டீவ் ரிட்சியும் அங்கேதான் போனார். ஆட்கள் இப்படிச் சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருகிறார்கள். ரசிகர்கள்தான் இடம் மாறாமல் கொடி பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் வேலை மாறிய மறுநாளே, நேற்று வரை மேதை என்றவர்கள் “அவருக்குச் சரக்கு தீர்ந்து எத்தனையோ வருடம் ஆயிற்று” என்பார்கள்.

இதில் என்ன நஷ்டம், பொழுதுபோக்குதானே என்று நானும் நினைத்திருந்தேன். நஷ்டம் எங்கே வருகிறதென்று பிளேஃபீல்ட் விவகாரத்தில்தான் புரிந்தது.

பிளேஃபீல்ட் என்பது ஒட்டுப்பலகை, மேலே படம், அதற்கு மேலே பளபளப்பான கிளியர் கோட் பூச்சு. அதன்மேல் உருளுவது 27 மி.மீ. விட்டமும் 80 கிராம் எடையும் கொண்ட எஃகுப் பந்து. ரேம்ப் என்ற உயரமான பாதையிலிருந்து அது துள்ளி விழுந்தால் பலகையில் குழி விழும். எந்தக் கம்பெனிப் பலகையானாலும் விழும். புதிதில் பத்துப் பதினைந்து குழி தனித்தனியாகத் தெரியும், கண்ணை உறுத்தும். சில ஆயிரம் ஆட்டம் ஆன பிறகு குழிகள் ஒன்றோடொன்று கலந்து, தேடினால்தான் தெரியும். ஆனால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள், நிலா மாதிரி இருக்கும். அந்தப் போட்டோ எதிர்க்கட்சிக்காரர்களுக்குப் பொங்கல் கரும்பு.

இன்னொரு பிரச்சினை உண்மையிலேயே இருந்தது. 2018 முதல் சில வருடங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகளின் புதிய இயந்திரங்களில், ரப்பர் வளையம் மாட்டுகிற போஸ்ட்டின் அடியைச் சுற்றிக் கிளியர் கோட் சுருங்கி மேடாகியது. சிலவற்றில் படத்தோடு பெயர்ந்தே வந்தது. குழி வேறு, இது வேறு. குழி மரத்தின் இயல்பு. பூச்சு பெயர்வது தயாரிப்புக் கோளாறு, வாரண்டியில் கேட்க வேண்டியது. இதை எடுத்துச் சொன்னவர்களுக்கு அந்தந்தக் கம்பெனி ரசிகர்கள் சொன்ன பதில்: “ஆரம்பித்துவிட்டார்களா, குழிப் புராணம்!” எதிரணி பரப்பிய பொய்களைக் கேட்டுக் கேட்டு, தன் வீட்டு இயந்திரத்தில் இருந்த உண்மையான பழுதையும் பொய்யென்றே தள்ளிவிட்டார்கள். என்னிடம் வந்த ஒருவர், போஸ்ட்டைச் சுற்றி விரல் நகம் அளவுக்குப் படம் பெயர்ந்த பிறகுதான் வந்தார். வாரண்டி முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. போஸ்ட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் வாஷர் வைத்து மறைத்துக் கொடுத்தேன். முன்னாலேயே வந்திருந்தால் புதுப் பலகை கேட்டிருக்கலாம்.

முன்பணம் கட்டுவதிலும் இதே கதைதான், தொகைதான் பெரிது. எந்தச் சினிமாப் படத்தின் பெயரில் இயந்திரம் செய்யும் உரிமம் யாருக்கு என்பதை ஒப்பந்தப்படி அறிவிப்பு நாள் வரை கம்பெனி வாயைத் திறந்து சொல்ல முடியாது. அந்த மௌனத்தில்தான் புரளி முளைக்கிறது. “அடுத்தது இந்தப் படம்தானாம், லிமிட்டெட் எடிஷன் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதாம், இன்று மாலைக்குள் பணம் போட்டால்தான்” என்று டீலர் பக்கத்திலிருந்து ஒருவர் கிசுகிசுப்பார். ஸ்டெர்னின் 2024 ஜாஸ் இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், அது மூன்று ரகமாக வந்தது. ப்ரோ 6,999 டாலர், பிரீமியம் 9,699, லிமிட்டெட் 12,999. ப்ரோவுக்கும் லிமிட்டெட்டுக்கும் நடுவே ஆறாயிரம் டாலர் இருந்தது. அதைத் தாண்டவைப்பது பெரும்பாலும் இயந்திரமல்ல, இந்த அவசரம்தான்.

ஸ்டெர்ன் அறிவித்தால் இயந்திரமாவது வரும். வராமலே போன கதைகளும் உண்டு. பிரிட்டனின் ஹைவே பின்பால் கம்பெனி 2018இல் கலைக்கப்பட்டது, பணம் கட்டியவர்கள் தெருவில் நின்றார்கள். டச்சு பின்பால் கம்பெனியின் பிக் லெபவ்ஸ்கி இயந்திரத்துக்கு 2014 முதல் பணம் கட்டியவர்களில் பலர் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். செய்து முடித்த இயந்திரங்களே ஒப்பந்தத் தொழிற்சாலையில் தகராறில் மாட்டிக்கிடந்தன. டெக்சாஸின் டீப்ரூட் கம்பெனி விவகாரத்தில் 2021 ஆகஸ்டில் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையமே வழக்குப் போட்டது. டிசம்பரில் திவால்.

இந்த இடங்களில் எச்சரித்தவர்கள் இல்லாமல் இல்லை. “பெரிய கம்பெனியின் அடிவருடி, சின்னவர்கள் வளர்வது பொறுக்கவில்லை” என்று அவர்கள் வாயை அடைத்தவர்கள்தான் அதிகம். கட்சி கட்டிவிட்டால் யார் சொல்கிறார்கள் என்றுதான் பார்க்கிறோம், என்ன சொல்கிறார்கள் என்பது காதில் ஏறுவதில்லை. பணம் கட்டியே தீர வேண்டுமென்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், திருப்பித் தரப்படுமா என்று எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கொடுக்கத் தயங்குகிற இடத்தில் நான் கட்ட மாட்டேன்.

கோளாறு பற்றிக் கதை வந்தால் நான் கேட்பது: நீங்களே பார்த்தீர்களா, எந்த இயந்திரத்தில், அது எத்தனை ஆட்டம் ஆடியது? பணம் போடும் கதவைத் திறந்தால் உள்ளே பொத்தான்கள் இருக்கும். சர்வீஸ் மெனுவில் ஆடிட் என்ற பகுதியில் இதுவரை எத்தனை ஆட்டம் என்ற கணக்கு வரும். “வாங்கி இரண்டே மாதத்தில் போய்விட்டது” என்று ஊரெல்லாம் பேசப்பட்ட ஓர் இயந்திரத்தை ஒருமுறை பார்த்தேன். மதுக்கூடத்தில் இருந்தது, கணக்கு நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. வீட்டில் வைத்தால் அது பல வருட ஆட்டம். அப்புறம், “இந்த இயந்திரமே மந்தம், பந்து மிதக்கிறது” என்று யாராவது சொன்னால் சரிவை அளந்து பாருங்கள். ஆறரை டிகிரி இருக்க வேண்டும். பின்கால் திருகைச் சரியாக ஏற்றாததற்குக் கம்பெனியின் பரம்பரையையே திட்டித் தீர்த்தவர்களைத் தெரியும்.

இவ்வளவு சொல்கிற நானும் ஒருமுறை புரளி பரப்பியவன்தான். ஐந்து வருடம் முன்னால், பின்பால் லீக் போட்டி நடக்கும் இரவு ஒன்றில், டீலரிடம் வேலை செய்யும் ஒருவர் ஓர் இயந்திரத்தின் பெயரைச் சொல்லி “இதற்கு இனி சாஃப்ட்வேர் அப்டேட் வராது, ஆளையே வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள்” என்றார். நான் நம்பினேன். எனக்கு அந்தக் கம்பெனிமேல் அப்போது ஒரு கடுப்பும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அதே இயந்திரம் வைத்திருந்த ஒரு வாடிக்கையாளரிடம் மறுவாரம் ரப்பர் மாற்றிக்கொண்டே இதைச் சொன்னேன். மெக்கானிக் சொன்னால் அது கிசுகிசு அல்லவே, சான்றிதழ். பாதி முடிந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பத்து நாளில் 1,500 டாலர் நஷ்டத்தில் விற்றுவிட்டார்.

மூன்று மாதம் கழித்து அப்டேட் வந்தது. சும்மா வரவில்லை, கடைசிக் கட்டம்வரை எல்லாம் முழுதாக வந்தது. வாங்கியவர் இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர், அவருக்கும் நான்தான் மெக்கானிக். யுஎஸ்பியில் ஏற்றிக் கொடுக்கப் போனபோது, விற்றவரும் ஆடிப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. முதல் ஆட்டம் யார் ஆடுவது என்று வந்தபோது அவரை ஆடச் சொன்னோம்.