ஹெட்டை இறக்கச் சொல்வதற்கு முன்

பழைய வண்டி ஒன்று கொதித்து நின்றுவிட்டால், அநேகமாக முதலில் கிடைக்கும் தீர்ப்பு "ஹெட் கேஸ்கட் போச்சு" என்பதுதான். அதாவது, இன்ஜினின் உடலான பிளாக்குக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு கெட்டுவிட்டது என்று பொருள். அது சரியாக இருப்பதும் உண்டு. ஆனால் சோதித்துப் பார்க்காமல் அதைச் சொல்லி ஹெட்டை இறக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. நல்ல இன்ஜின்கள் அப்படித் திறக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஒருவர் தன் காரைக் கட்டி இழுத்து வந்தார். வேறொரு பட்டறையில் ஆயில் மூடியைத் திறந்து, அடியில் ஒட்டியிருந்த வெண்மையான பசையைக் காட்டி, ஹெட் வேலை என்று சொல்லிவிட்டார்கள். நான் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் சுத்தமாக இருந்தது. விசாரித்தால், தினமும் அவர் ஓட்டுவது இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். இன்ஜின் முழுதாகச் சூடேறாமல் நின்றுகொண்டே இருந்தால் உள்ளே படியும் ஈரம் போக வழியில்லாமல் மூடியின் அடியில் ஆயிலோடு கலந்து அப்படித்தான் பசையாகும். டிப்ஸ்டிக்கிலும் அதே வெண்மை தெரிந்தால் கவலைப்பட வேண்டும்.

அப்படியானால் நெடுந்தூரம் போனபோது கொதித்தது ஏன்? ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. அந்த மூடி வெறும் மூடி அல்ல. கிட்டத்தட்ட 1 பார் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கிறது; அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காது. மூடி விட்டுவிட்டால் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியே தள்ளும். மூடியை மாற்றினோம், வேலை முடிந்தது.

கேஸ்கட் உண்மையில் போனாலும் எல்லா வண்டியிலும் ஒரே அறிகுறி வராது. பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தகடு சிலிண்டரில் எரியும் வாயுவின் அழுத்தம், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், ஆயில் மூன்றையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. எந்த இடத்தில் விட்டிருக்கிறதோ அதற்கேற்பத்தான் கோளாறு. இரண்டு சிலிண்டருக்கு நடுவில் விட்டால் கூலன்ட் குறையாது, ஆயிலும் கெடாது. வண்டி நடுங்கும், இழுவை இருக்காது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் அமுக்கும் அழுத்தத்தை அளந்து பார்த்தால் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டிலும் அளவு சேர்ந்தாற்போல் இறங்கியிருக்கும். இதைக் கேஸ்கட் என்று நினைக்காமல் பிளக், காயில் என்று மாற்றிக்கொண்டே போனவர்கள் உண்டு.

சிலிண்டரிலிருந்து கூலன்ட் பாதைக்கு விட்டிருந்தால் நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். காலையில் இன்ஜின் முழுதாக ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிடத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லை, ஆனால் ஹோஸ் கல் மாதிரி இறுகியிருக்கிறது என்றால் அந்த அழுத்தம் சிலிண்டரிலிருந்து வருகிறது என்று பலமாகச் சந்தேகப்படலாம். ரேடியேட்டரில் தொடர்ந்து குமிழி வருவதும் அதே கதைதான். ஆனால் அண்மையில் கூலன்ட் மாற்றியிருந்தால் சிக்கிய காற்றும் குமிழியாக வரும், அது போகும்வரை பொறுங்கள். சூடான இன்ஜினில் மட்டும் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

புகையைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்ந்த காலையில் சைலன்சரில் வரும் வெண்புகை வெறும் ஆவி, சில நிமிடத்தில் மறைந்துவிடும். நன்றாகச் சூடேறிய பிறகும் நிற்காமல், இனிப்பு வாசனையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது. பழைய வண்டியில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுபவர்களுக்கு அந்த வாசனை வராது, ஏமாந்துவிடாதீர்கள். டீசல் வண்டியில் எரியாத டீசலும் வெண்புகையாக வரும், அது கண்ணை எரிக்கும்.

நான் நம்புவது நீல நிறத் திரவம் வைத்துப் பார்க்கும் சோதனையை. ரேடியேட்டர் வாயில் வைத்து, அங்கிருந்து வரும் காற்றை அதன் வழியே இழுத்தால், சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருக்கும்போது நீலம் மஞ்சளாகும். கூலன்ட் அந்தத் திரவத்துக்குள் ஏறிவிட்டால் முடிவு செல்லாது. சில கேஸ்கட் இன்ஜின் சூடாகிப் பாரம் இழுக்கும்போது மட்டுமே விடும், அதனால் நிறம் மாறவில்லையே என்று ஒரே தடவையில் விட்டுவிட மாட்டேன். ஓட்டிவிட்டு மறுபடி வைப்பேன். அப்புறம் கூலிங் சிஸ்டத்துக்கு அழுத்தம் கொடுத்து இரவு முழுக்க விட்டு, காலையில் பிளக்குகளைக் கழற்றி இன்ஜினைச் சுற்றினால், கசிந்த சிலிண்டரிலிருந்து தண்ணீர் பீய்ச்சும்.

உறுதியாகிவிட்டதா, அதற்குமேல் ஓட்டாதீர்கள். ஆயிலில் தண்ணீர் கலந்தால் பேரிங் போகும். சிலிண்டரில் தண்ணீர் நிறைந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

இறக்கிய ஹெட்டை அப்படியே ஏற்ற விடாதீர்கள். நேர்ப்பட்டியும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜும் வைத்து வளைவு பார்க்கச் சொல்லுங்கள், பிளாக்கின் மேற்பரப்பையும் சேர்த்து. பல இன்ஜின்களில் 0.05 மில்லிமீட்டரே எல்லை. விரிசல் சோதனையும் வேண்டும். கேஸ்கட் நன்றாக இருந்து ஹெட்டில் விரிசல் இருந்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும். ஹெட்டைப் பிடிக்கும் போல்ட் இறுக்கும்போது நீண்டு கொடுக்கும் வகை என்றால் புதிதுதான் போட வேண்டும். கடைசியாக, அது ஏன் கொதித்தது என்று கேளுங்கள். ஃபேன், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், அடைத்த ரேடியேட்டர் இதில் ஏதோ ஒன்று இன்னும் அங்கேயே இருந்தால், புது கேஸ்கட்டும் அதே வழியில் போகும்.