வில்லன், வில்லி, எதிர்நாயகி

அம்பத்தூரில் ஏறி சென்ட்ரல் வரை போகும் மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில், காலை நேரத்தில் பெரும்பாலும் முந்தின இரவு சீரியல்தான் பேச்சு. ஒருவர் பூக் கட்டிக்கொண்டே கதை சொல்வார், எதிரில் இருப்பவர் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்வார்.

"நேத்து பாத்தியாக்கா? அந்த வில்லி பால்ல என்னத்தையோ கலக்கிட்டா. இவ ஒண்ணும் தெரியாம டம்ளரை வாய்கிட்ட கொண்டு போறா. அங்க வெச்சுத் தொடரும் போட்டுட்டான்."

"குடிக்க மாட்டா பாரு. யாராவது வந்து கையத் தட்டி விட்டுருவாங்க."

போன விடுமுறையில் என் அக்கா மகளும் கூட வந்தாள். எட்டு வயது. வில்லிவாக்கம் நிலையத்தின் மஞ்சள் பலகையைப் பார்த்ததும், "சித்தி, இந்த ஊர்ல நிறைய வில்லிங்க இருந்தாங்களா?" என்று கேட்டாள். பெட்டியே சிரித்தது. இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வில்லன், வில்லி என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம்! அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அதற்குத் தமிழில் சரியான சொல் எது என்று ஒரு முறையாவது பார்க்க வேண்டாமா?

முதலில் நம் வீட்டு வில்லியைச் சொல்லிவிடுகிறேன். பழந்தமிழில் வில்லி என்றால் வில்லை உடையவர். அருச்சுனனுக்கு அது ஒரு பெயர். கரும்பை வில்லாக வளைத்த மன்மதன் கருப்புவில்லி. பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூராரின் நூலை வில்லிபாரதம் என்கிறோம். இந்தச் சொல்லில் உள்ள இகரம் உடைமையைக் காட்டுவது. ஆணோ பெண்ணோ, வில் கையில் இருந்தால் வில்லி. வில்லன் என்பதையும் வில் + அன் என்று பிரித்தால் வில்லாளி என்றே பொருள் வரும். ஆக, சீரியல் வில்லிக்கும் இந்த வில்லிக்கும் எழுத்து மட்டும்தான் ஒன்று. பத்திரப்பதிவு அலுவலகத்தில் கேட்கிற வில்லங்கச் சான்றையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. "அவன் வில்லங்கமான ஆளு" என்னும்போது வில்லனின் சாயல் தெரிவதுபோல் இருக்கும். அதுவும் வேறு சொல்தான்.

நாம் இன்று சொல்லும் வில்லன் ஆங்கிலம் வழியாக வந்தவன். ஆங்கிலத்துக்கு அது பிரெஞ்சிலிருந்து 1300ஆம் ஆண்டையொட்டிப் போனது. பிரெஞ்சுக்கு லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் 'வில்லா' என்றால் நிலபுலத்தோடு கூடிய பண்ணை வீடு. அந்தப் பண்ணையில் உழைக்கிறவன் 'வில்லானுஸ்'. அவ்வளவுதான். களவு இல்லை, கொலை இல்லை, பாலில் எதையும் கலக்கவில்லை. நிலப்பிரபுவின் மண்ணோடு கட்டப்பட்ட ஏழைக் குடியானவனின் பெயர் அது.

அப்புறம் எப்படி அது கெட்ட சொல்லானது? மேலே இருந்தவர்கள் கீழே இருந்தவர்களை எப்படிப் பார்த்தார்களோ அப்படியே சொல்லும் ஆனது. பண்ணையாள் என்பது நாகரிகம் தெரியாதவன் என்றானது, அது இழிந்தவன் என்றானது, இழிந்தவன் கெட்டவன் ஆனான். கதையில், நாடகத்தில் தீமை செய்யும் பாத்திரத்துக்கு அந்தப் பெயர் நிலைத்தது 19ஆம் நூற்றாண்டில்தான். முதலில் ஒரு தொழில், பிறகு ஒரு குணம், கடைசியில் ஒரு வேடம். இந்த மூன்று படிகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் சொல் தேடும்போது இது வேண்டியிருக்கும்.

நாமும் இதைச் செய்திருக்கிறோம். 'பட்டிக்காட்டான்' என்பதை வசைச்சொல்லாக்கியவர்கள் நாம்தான். நாகரிகம் என்ற சொல்லுக்குள்ளேயே நகரம் இருக்கிறது. ஓ.எம்.ஆர். சாலையில் போகும்போது இரண்டு பக்கமும் 'வில்லா விற்பனைக்கு' என்ற விளம்பரப் பலகைகளைப் பார்க்கிறேன். அந்த வில்லாவும் இந்த வில்லனும் ஒரே வேர். வீட்டின் பெயர் கௌரவமாக நின்றது, அந்த வீட்டில் உழைத்தவனின் பெயர் கெட்டுப்போனது. இதை அறிந்த பிறகு வில்லன் என்ற சொல்லை முன்போல் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை.

தமிழ் மேடைக்கு இந்தச் சொல் அவசியமாகவும் இருக்கவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து நாடகக் குழுக்களில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று வேடங்களைப் பிரித்தார்கள். பார்ட் ஆங்கிலச் சொல்தான். ஆனாலும் கள்ளபார்ட் என்பதில் ஒரு தெளிவு இருக்கிறது. அது வேடம், அந்த ஆள் கள்ளன் அல்லன். சினிமா வளர்ந்ததும் கள்ளபார்ட் மறைந்து வில்லன் வந்தார். 'சந்திரலேகா'வின் (1948) ரஞ்சன், சிரிப்பாலேயே நடுங்க வைத்த பி.எஸ். வீரப்பா, இரண்டு கைகளையும் பிசைந்துகொண்டு கண்ணை உருட்டும் எம்.என். நம்பியார் என்று ஒரு வரிசை. நம்பியார் ஆண்டுதோறும் சபரிமலைக்குப் போனவர், பலருக்குக் குருசாமி. திரையில் அவரைத் திட்டித் தீர்த்த தாய்மார்களும் இதை அறிவார்கள்.

வந்த சொல்லைத் தமிழ் சும்மா விடவில்லை. தலைவன் – தலைவி, தோழன் – தோழி, கிழவன் – கிழவி என்ற வாய்பாட்டில் வில்லனுக்கு வில்லியைத் தானே பெற்றெடுத்தது. ஆங்கிலத்தில் பெண்பாலுக்கு வேறு வடிவம் உண்டு, அதை நாம் வாங்கவே இல்லை. சின்னத்தனம் போல வில்லத்தனத்தையும் உண்டாக்கினோம். விகுதி ஏற்கத் தொடங்கிவிட்ட சொல் வேர் பிடித்த சொல். பேச்சிலிருந்து இதைப் பிடுங்க வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை.

வில்லி என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது தொலைக்காட்சி. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. சன் டிவி 1993 ஏப்ரல் 14இல் வந்தது. தினசரித் தொடர்கள் பெருகிய பிறகு பெண் எதிரி மிகவும் பெருத்துவிட்டாள். அதற்குக் காரணம் இருக்கிறது. சினிமாவில் எதிரிக்குக் கோட்டை, கள்ளக்கடத்தல் படகு, அடியாள் எல்லாம் உண்டு. சீரியலோ ஒரு வீட்டுக்குள் நடக்கிறது. கூடம், சமையலறை, மாடிப்படி, அவ்வளவுதான் போர்க்களம். அங்கே எதிரி என்றால் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவராகத்தான் இருக்க முடியும். ஆயுதமும் அதற்கேற்றதுதான்: கதவோரம் ஒட்டுக்கேட்பது, மருந்தை மாற்றி வைப்பது, சொத்துப் பத்திரத்தில் ஏமாற்றிக் கையெழுத்து வாங்குவது.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். சாலிகிராமம், வடபழனிப் பக்கம் நடிகர்களைக் கேட்டால் 'நெகட்டிவ் ரோல் பண்றேன்' என்பார்கள். இதழ்கள் அதை 'எதிர்மறைக் கதாபாத்திரம்' என்று ஆக்கிவிட்டன. எனக்கு அது பிடிக்கவில்லை. எதிர்மறை என்பது இலக்கணத்தில் 'வாரான்', 'செய்யாத' போன்றவற்றுக்கு உரிய சொல். அதைத் தூக்கி ஒரு மனுஷியின் மேல் வைத்தால் உயிர் இல்லை.

எதிர்நாயகன், எதிர்நாயகி என்பவைதான் நல்ல சொற்கள். வடமொழி நாடக இலக்கணத்தில் பிரதிநாயகன் என்று இருக்கிறது, அதே கருத்து. நாயகன் வடசொல் ஆயிற்றே, எதிர்த்தலைவன் என்று வைத்தால் என்ன என்று கேட்கலாம். காப்பியத்துக்கு ஒப்பில்லாத தலைவன் வேண்டும் என்று தண்டியலங்காரம் சொல்லும் தலைவன் நாயகன்தான். ஆனால் இன்று எதிர்த்தலைவர் என்றால் சட்டப்பேரவை எதிர்க்கட்சித் தலைவர்தான் நினைவுக்கு வருவார்.

ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். திரை விமர்சனங்களில் சிலர், கெட்ட காரியம் செய்யும் கதாநாயகனையும் எதிர்நாயகன் என்று எழுதுகிறார்கள். அது தவறு என்பேன். கதை யார் தோளில் போகிறதோ அவர் கெட்டவராக இருந்தாலும் நாயகன்தான். அவரைத் தீய நாயகன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எதிரில் நிற்கிறவருக்கு மட்டும் எதிர்நாயகன் என்ற பெயரை விட்டுவைப்போம்.

சீரியலுக்கு இந்தச் சொல் இன்னொரு வகையிலும் பொருந்தும். அங்கே நாயகன் பெரும்பாலும் பேருக்குத்தான். நாயகிதான் எல்லாம், அவளுக்கு எதிரில் நிற்பவள் எதிர்நாயகி. 'தெய்வமகள்' தொடரில் ரேகா கிருஷ்ணப்பா நடித்த காயத்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரே அவரை 'அண்ணியார்' என்றது. அண்ணி என்ற உறவோடு ஆர் என்ற மரியாதை விகுதியும் சேர்ந்து அச்சம் தரும் பெயராக மாறிவிட்டது. 'பாரதி கண்ணம்மா'வில் ஃபரினா நடித்த எதிர்நாயகிக்கு வெண்பா என்று பெயர். யாப்பிலேயே கட்டுக்கோப்பான பாவின் பெயரை அவளுக்கு வைத்தார்கள். அழகான பெயருக்குள் அவ்வளவு வஞ்சகம் இருந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இவை எல்லாம் வேடத்துக்கான சொற்கள். குணத்துக்கு? அங்கேதான் தமிழ் வளமானது. வஞ்சகி, சூழ்ச்சிக்காரி, கொடுமைக்காரி, பொறாமைக்காரி என்று ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு சொல் இருக்கிறது. ஒருவர் பேச்சைக் கெடுத்து இன்னொருவரை மூட்டிவிட்டால் 'சகுனி வேலை' என்கிறோம். இத்தனையையும் வில்லி என்ற ஒற்றைச் சொல்லில் போட்டு மூடுவதுதான் என் வருத்தம். நேற்றைய காட்சியைப் பற்றிக் கருத்துச் சொல்லும்போது 'வில்லி சூப்பர்' என்பதைவிட, அவள் செய்தது வஞ்சகமா, பொறாமையா என்று சொன்னால் அந்த நடிப்பைப் பற்றியும் ஏதோ சொன்னதாகும்.

இவை அனைத்துக்கும் மேலே ஒரு சொல் உண்டு: கயவர். திருக்குறளின் 108ஆம் அதிகாரம் கயமை. அதன் முதற்குறள்:

மக்களே போல்வர் கயவர் அவரன்ன
ஒப்பாரி யாங்கண்ட தில்.

ஒப்பாரி என்றால் இங்கே ஒப்புமை. கயவர் பார்வைக்கு மனிதரைப் போலவே இருப்பார்கள், அப்படியோர் ஒற்றுமையை நாம் வேறெங்கும் கண்டதில்லை என்கிறார் வள்ளுவர். 'எதிர்நீச்சல்' தொடரின் ஆதி குணசேகரனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குறள் நினைவுக்கு வரும். கோரப் பல் இல்லை, வெடிச்சிரிப்பு இல்லை. வெள்ளை வேட்டி, அதட்டும் குரல், "இந்தாம்மா ஏய்!" அவ்வளவுதான். ஜி. மாரிமுத்து அந்த வேடத்தை அத்தனை இயல்பாகச் செய்தார். 2023 செப்டம்பர் 8இல், அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது உடல்நலம் குன்றி அவர் காலமானார் என்ற செய்தி வந்த அன்று, எங்கள் பெட்டியில் பூக் கட்டும் அக்கா அழுதுவிட்டார்.

"டிவில பாக்குறப்போ நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி திட்டுவேம்மா. ஆனா எங்க மாமனாரும் அப்படியேதான் பேசுவாரு. அவரை யாரும் வில்லன்னு சொன்னதில்ல, பெரியவருன்னுதான் சொல்லுவோம்."

குறளில் வரும் கயவர் பலர்பால். ஆண், பெண் இருவருக்கும் பொது. கயவன் என்று ஆண்பால் வழக்கில் நிலைத்துவிட்டது, அதற்கு இணையான பெண்பால் வழக்கில் இல்லை. பேச்சில் இருக்கும் கயவாளி, குற்றவாளி போல இருபாலுக்கும் ஒத்துவரும். எழுதும்போது நான் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா மகளுக்கு நான் வைத்திருந்த பதில் பாக்கியையும் தீர்த்துவிட்டேன். வில்லி என்றால் வில் வைத்திருப்பவர் என்றதும், "அப்போ சீரியல்ல வர்றவங்க பேரு?" என்று கேட்டாள். எதிர்நாயகி என்றேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

"நாயகிக்கு எதிர்ல நிக்கிறவங்களா சித்தி?"

"ஆமாம்டா," என்றேன்.